ஹைட்ரஜன் பங்க்: கட்ட மானியம் உண்டு, நடத்த?

கேட்கப்பட்ட கேள்வி இது: பேட்டரி வண்டிகள் தெருவெல்லாம் ஓடத் தொடங்கிவிட்டன. அதற்குப் பிறகும் ஹைட்ரஜன் வண்டிகளுக்கான பங்க்குகளைக் கட்ட அரசுகள் ஏன் கோடிகோடியாகக் கொடுக்கின்றன? கொடுத்த இடத்தில் பலன் கிடைத்ததா? இந்தியாவிலும் இப்போது ஆரம்பித்திருக்கிறார்களே, அது சரியா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் இதுவரை கொடுத்தவர்கள் பெரும்பாலும் பங்க்கைத் திறப்பதற்குத்தான் கொடுத்தார்கள். திறந்த பங்க் மறுநாளும் அதற்கு மறுநாளும் வாயுவோடு இருக்க வேண்டுமே, அதற்குப் போதிய ஏற்பாடு செய்யவில்லை. யானையை வாங்கிக் கட்டிவிட்டுத் தீனிக்கு வழி பார்க்காமல் விட்டதைப் போல ஆகிவிட்டது. உயர் அழுத்த வாயுக் கருவிகள் சம்பந்தப்பட்ட வேலையில் சில ஆண்டுகள் கலிபோர்னியாவில் இருந்தேன். அங்கே இந்த முயற்சி ஏறியதையும் சரிந்ததையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதனால் கலிபோர்னியாவைப் பற்றி நிறையவும் மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

முதலில், இதற்கு ஏன் இவ்வளவு செலவு ஆகிறது என்று பார்ப்போம். பெட்ரோல் பங்க்கில் மண்ணுக்கடியில் ஒரு தொட்டி, மேலே ஒரு பம்ப், அவ்வளவுதான். சி.என்.ஜி. பங்க்கில் கொஞ்சம் கூடுதல் வேலை: வாயுவை 200 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அளவுக்கு அழுத்தி வைக்க வேண்டும். ஹைட்ரஜன் காரின் டேங்க்கில் இருப்பது 700 பார். அந்த அழுத்தத்துக்கு மூன்று நான்கு நிமிடத்தில் வாயுவை ஏற்றினால் டேங்க் உள்ளே சூடாகும். கார்பன் இழையால் சுற்றிய அந்த டேங்க் 85 டிகிரியைத் தாண்டக் கூடாது. எனவே வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து அனுப்ப வேண்டும். ஆக ஒவ்வொரு பங்க்கிலும் பெரிய கம்ப்ரஸர், உயர் அழுத்தச் சேமிப்புக் குழாய்கள், குளிரூட்டும் எந்திரம், கசிவைக் கண்டுபிடிக்கும் உணரிகள் எல்லாம் தேவை. வாயுவின் சுத்தமும் சாதாரணமாக இருந்தால் போதாது. கார்பன் மோனாக்சைடு கோடியில் இரண்டு பங்குக்கு மேல் கலந்துவிட்டால் வண்டியின் எரிகலம், அதாவது ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுத்து வண்டியை ஓட்டும் கருவி, பாழாகத் தொடங்கும். இதெல்லாம் சேர்ந்து கலிபோர்னியாவில் ஒரு பங்க்குக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலர் ஆனது. ஜப்பானில் 40 முதல் 50 கோடி யென் வரை.

அவ்வளவு போட்டுக் கட்டினால் வண்டி வருமா? வண்டி இருந்தால்தானே வரும். பங்க் இல்லாத ஊரில் வண்டியை யார் வாங்குவார்கள்? கோழி முந்தியா முட்டை முந்தியா என்ற இந்தச் சிக்கலை எந்தத் தனியார் நிறுவனமும் தன் கைக்காசைப் போட்டு அவிழ்க்காது. முதலில் கட்டியவர் நஷ்டத்தில் காத்திருப்பார். வண்டிகள் பெருகிய பிறகு இரண்டாவதாக வருபவர் லாபத்தை எடுத்துக்கொள்வார். அந்த முதல் நஷ்டத்தைப் பொதுப் பணத்தில் தாங்குவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நான் இதை ஏற்கிறேன்.

கலிபோர்னியாவில் இது ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர் ஆளுநராக இருந்தபோது 2004-ல் ஆரம்பமானது. 'ஹைட்ரஜன் நெடுஞ்சாலை' என்று பெயர் வைத்து ஆணை பிறப்பித்தார். 2010-க்குள் மாநிலத்தின் பெரிய சாலைகளில் எல்லாம் ஹைட்ரஜன் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். அது நடக்கவில்லை. உண்மையான பணம் வந்தது 2013-ல், அவருக்கு அடுத்து ஆளுநரான ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம். அதன்படி மாநில எரிசக்தி ஆணையம் ஆண்டுக்கு 2 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டும். பொதுமக்கள் பயன்படுத்தும் பங்க்குகள் 100 ஆகும்வரை ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பணம் பெருமளவு வாகனப் பதிவுக் கட்டணங்களிலிருந்து வந்தது. ஹைட்ரஜன் காரைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு பழைய லாரிக்காரரின் கட்டணமும் அதில் சேர்ந்திருந்தது. அதனால்தான் அந்தப் பணம் எப்படிச் செலவானது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2014-ல் ஆணையம் 28 பங்க்குகளுக்கு 4.66 கோடி டாலர் அறிவித்தது. அதில் ஒரே ஒரு புதிய நிறுவனத்துக்கு மட்டும் 19 பங்க்குகள், 2.76 கோடி டாலர். டொயோட்டாவும் ஹோண்டாவும் அந்த நிறுவனத்துக்குத் தனியாகக் கடனும் கொடுத்தன. நிபந்தனைகள் யோசித்துத்தான் எழுதப்பட்டிருந்தன. பங்க்கைச் சீக்கிரம் திறந்தால் செலவில் 85 சதவீதம் வரை மானியம். தாமதமானால் பங்கு குறையும். திறந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வரை நடத்தும் செலவுக்கு உதவி. 2015 இறுதியில் டொயோட்டாவின் ஹைட்ரஜன் கார் மிராய் கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்தபோது பங்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கத் தொடங்கின.

அரசின் உதவி என்றாலே காசு என்று நினைத்துவிட வேண்டாம். பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அதுவரை ஹைட்ரஜனைக் கிலோ கணக்கில் சட்டப்படி விற்கவே முடியாது. ஊற்றிய அளவு சரிதானா என்று முத்திரை போட்டுத் தர ஒரு மீட்டரும் சோதனை முறையும் வேண்டும் அல்லவா? நம் ஊரில் தராசுக்கு முத்திரை போடுகிறார்களே, அதே வேலைதான். கலிபோர்னியாவின் எடை அளவைத் துறை அதற்கென்று சோதனைக் கருவியை உருவாக்கி, பங்க் பங்க்காகச் சோதித்தது. 2015 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தின் பங்க் கிலோ கணக்கில் விற்க முதன்முதலாக அனுமதி பெற்றது. இந்த வேலைக்குப் பெரிய தொகை ஆகவில்லை. ஆனால் இது இல்லையென்றால் 20 லட்சம் டாலர் பங்க்கில் பில் போட முடியாது.

இனி பங்க்கில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த மதுரைக்கார நண்பர் ஒருவர் ஹைட்ரஜன் கார் ஒன்றை லீஸுக்கு எடுத்திருந்தார். ஒரு சனிக்கிழமை காலை அவரோடு போயிருந்தேன். கிளம்பும் முன் போனை எடுத்து, எந்தெந்த பங்க் இயங்குகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார். பச்சைப் புள்ளி என்றால் வாயு இருக்கிறது, சிவப்பு என்றால் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சிவப்பு. இருபது மைல் தள்ளி ஒன்று பச்சை. போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னால் இரண்டு கார்கள். முதல் காருக்கு நான்கே நிமிடத்தில் நிரம்பியது. அது அழகான காட்சிதான். பேட்டரி கார்க்காரர் யாரும் அந்த நான்கு நிமிடத்தைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்க முடியாது. இரண்டாவது கார் நிரம்பியது, ஆனால் நாசில் கழலவில்லை. மைனஸ் 40 டிகிரி வாயு போனதில் காற்றின் ஈரம் நாசிலைச் சுற்றி வெள்ளையாக உறைந்து, காரோடு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா பழக்கப்பட்டவர். இழுக்காமல், கையில் வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மெதுவாக ஊற்றிக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் ஆனது. எங்கள் முறை வந்தபோது எந்திரம் பாதி டேங்க்கில் நின்றுவிட்டது. சேமிப்புக் குழாய்களில் அழுத்தம் இறங்கிவிட்டது. கம்ப்ரஸர் மறுபடி ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதுண்ணே. பாதி ரொம்பியிருக்குல்ல, இதோட கிளம்புவோம். பின்னாடி நாலு வண்டி நிக்குது" என்றார்.

அந்தக் காலத்துப் பங்க்குகள் பலவற்றின் திறன் ஒரு நாளைக்கு 180 கிலோ. காருக்கு 4 கிலோ என்று வைத்தால் 45 கார். அதுவும் நாள் முழுக்கச் சீராக வந்தால்தான். மக்கள் வேலைக்குப் போகும் முன்பும் முடிந்த பிறகும்தான் வருவார்கள்; அந்த இரண்டு மணி நேரத்தில் எந்திரம் திணறும். பெரும்பாலான பங்க்குகளில் 700 பார் நாசில் ஒன்றே ஒன்று. அது பழுதானால் பங்க்கே மூடியதற்குச் சமம். சட்டமோ பங்க்குகளின் எண்ணிக்கையை எண்ணியது. 100 என்பது இலக்கு. எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை முதல் பிழை இங்கேதான்.

இதை அங்கிருந்த அதிகாரிகள் புரிந்துகொள்ளாமல் இல்லை. 2019-ல் மாநிலக் காற்று வாரியம் ஒரு நல்ல திருத்தம் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் எரிபொருள் விற்பவர்கள், அந்த எரிபொருளால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவைக் குறைக்க வேண்டும். குறைக்க முடியாதவர்கள், குறைத்தவர்களிடமிருந்து வரவுச் சான்றுகளைச் சந்தையில் வாங்க வேண்டும். புதிய விதிப்படி ஹைட்ரஜன் பங்க் விற்ற வாயுவுக்கு மட்டுமல்லாமல், விற்காமல் மீதமிருக்கும் திறனுக்கும் 15 ஆண்டுகள் வரை சான்று கிடைத்தது. நாளொன்றுக்கு 1,200 கிலோ திறன் வரை இது செல்லும். பங்க் எத்தனை சதவீத நேரம் இயங்கியது என்பதால் அந்தத் திறனைப் பெருக்கித்தான் சான்றைக் கணக்கிட்டார்கள். மூடிக்கிடந்தால் வருமானம் குறையும். வண்டிகள் வரும்வரை பெரிய பங்க்கைத் திறந்து வைத்துக் காத்திருப்பவருக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடு இது. நான் பார்த்த ஆதரவுத் திட்டங்களிலேயே இதன் வடிவமைப்பைத்தான் சிறந்தது என்பேன். இதை நம்பித்தான் அடுத்த சுற்றில் பெரிய பங்க்குகளுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன.

ஆனால் இந்தக் கூலியின் விலையைச் சந்தை தீர்மானித்தது. 2020 வாக்கில் ஒரு சான்று 200 டாலரை ஒட்டி விற்றது. புதுப்பிக்கத்தக்க டீசல் பெருவாரியாக வந்து சான்றுகள் குவிந்ததும் 2023-ல் 75 டாலர் பக்கம் சரிந்தது. ஹைட்ரஜன் பங்க்காரர்கள் நம்பியிருந்த சான்று வருமானம் பாதிக்கு மேல் குறைந்தது. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. டீசல் பக்கம் நடந்த ஒன்று இவர்களைச் சாய்த்தது.

இன்னொரு பக்கம் வாயு வரத்தே நம்பத்தகாததாக இருந்தது. 2019 ஜூன் 1-ஆம் தேதி சாண்டா கிளாராவில் ஹைட்ரஜனை லாரியில் ஏற்றும் மையத்தில் கசிவு ஏற்பட்டு வெடித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி பங்க்குகள் பெரும்பாலும் அந்த ஒரு வழியை நம்பியிருந்ததால் வாரக்கணக்கில் வாயு இல்லை. பத்துப் பன்னிரண்டு பங்க்குகளுக்குத் தனித்தனியாக மானியம் கொடுத்தார்கள். அவை அனைத்துக்கும் வாயு வருவது ஒரே வாசல் வழியாக என்பதை மானிய விண்ணப்பத்தில் யாரும் கேள்வியாக வைக்கவில்லை. எல்லாத் தெருவிலும் குழாய் போட்டுவிட்டு ஊருக்கு ஒரே ஒரு மோட்டாரை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

விலை என்ன ஆயிற்று என்றால், கிலோ 13 முதல் 16 டாலர் வரை இருந்தது 2023-ல் 36 டாலர் வரை ஏறியது. புதிய மிராயில் 5.6 கிலோ பிடிக்கும். அதில் 402 மைல் ஓடும் என்பது அரசுச் சான்று. டேங்க் நிரப்ப 200 டாலர். மைலுக்கு 50 சென்ட். காலனுக்கு 5 டாலர் பெட்ரோல் போட்டு ஓடும் ஹைப்ரிட் காருக்கு மைலுக்குப் பத்து சென்ட்தான் ஆகும். கார் வாங்கும்போது கம்பெனி கொடுத்த 15,000 டாலர் எரிபொருள் அட்டை தீரும்வரை யாருக்கும் இந்த விலை உறைக்கவில்லை. அட்டை தீர்ந்த பிறகு அந்தக் கார்களை இரண்டாம் கையாக வாங்க ஆளில்லாமல் போயிற்று. மாதத் தவணை கட்டிக்கொண்டே, ஓட்ட முடியாத காரை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மதுரை நண்பர் லீஸில் எடுத்திருந்ததால் தப்பித்தார்.

2018-ல் பிரவுன் இன்னொரு ஆணை போட்டார்: 2025-க்குள் 200 பங்க்குகள். அதே 2025 வந்தபோது, திறந்திருந்தவை ஐம்பதை ஒட்டியே. ஷெல் நிறுவனம் 48 புதிய பங்க்குகள் கட்டும் திட்டத்தை 2023-ல் கைவிட்டது. 2024 பிப்ரவரியில் தன் ஏழு கார் பங்க்குகளையும் நிரந்தரமாக மூடியது. அமெரிக்கா முழுவதும் இதுவரை விற்ற ஹைட்ரஜன் கார்கள் சுமார் 18,000; ஏறக்குறைய எல்லாமே கலிபோர்னியாவில்தான். அமெரிக்க மத்திய அரசும் கையை விரித்தது. 2023-ல் கலிபோர்னியாவின் ஹைட்ரஜன் மையத்துக்கு 120 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்தார்கள். 2025 அக்டோபரில், ஆட்சி மாறியபின், அதை ரத்து செய்தார்கள். மாநிலம் மட்டும் 2023-ல் சட்டத்தைப் புதுப்பித்து, வாகனப் பதிவுக் கட்டண நிதியில் 15 சதவீதத்தை 2030 வரை ஹைட்ரஜனுக்கு ஒதுக்கியிருக்கிறது.

ஜப்பானின் கதை வேறு வழியில் போய் இதே இடத்தில் முடிகிறது. அங்கே அரசு கட்டும் செலவில் பாதிக்கு மேல் கொடுத்ததோடு, நடத்தும் செலவுக்கும் தொடர்ந்து கொடுத்தது. அதனால் பங்க்குகள் கலிபோர்னியா அளவுக்கு மூடவில்லை. 160 என்ற எண்ணிக்கையை எட்டிப் பிடித்தார்கள். ஆனால் 2020-க்குள் 40,000 கார்கள் என்று வைத்த இலக்கு, பல ஆண்டுகள் கழித்தும் பத்தாயிரத்தைக்கூடத் தொடவில்லை. தீனி கிடைத்தது, சவாரிக்கு ஆளில்லை. ஜெர்மனியில் ஆறு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து, அரசு உதவியோடு சுமார் 100 பங்க்குகளைக் கட்டின. இப்போது கார்களுக்கு மட்டுமான சிறிய பங்க்குகளை மூடிவிட்டு, லாரியும் பேருந்தும் வரக்கூடிய பெரிய பங்க்குகள் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்து எனக்குப் பிடித்த உதாரணம், குறைகளோடு சேர்த்தேதான். அங்கே லாரிகள் ஓடும் தூரத்துக்கும் எடைக்கும் ஏற்பக் கனமான சாலை வரி உண்டு. புகை விடாத லாரிக்கு அந்த வரி கிடையாது. மளிகைச் சங்கிலிக் கடைகளும் பெட்ரோல் பங்க்காரர்களும் 2018-ல் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். கடைக்காரர்கள் லாரி எடுப்பதாக உறுதி சொன்னார்கள். பங்க்காரர்கள் அதை நம்பிப் பங்க் கட்டினார்கள். 2020 முதல் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான ஹூண்டாய் லாரிகள் அங்கே ஓடின. அரசு பங்க்குக்கு என்று தனியாக எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. வண்டி ஓடினால்தான் வரிச் சலுகை. 2022-ல் மின்சார விலை எகிறியதும் ஹைட்ரஜன் விலையும் எகிற, 1,600 லாரிகள் என்ற கனவு நின்றுபோனது. இருந்தாலும் ஆள் வராத பங்க்குக்கு மக்கள் பணத்தை அங்கே கொட்டவில்லை.

இங்கேதான் நான் சொல்ல வரும் கணக்கு. ஒரு ஹைட்ரஜன் பேருந்து 100 கிலோமீட்டருக்குச் சுமார் 8 கிலோ குடிக்கும். ஒரு டிப்போவில் 20 பேருந்து, தினமும் 200 கிலோமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 320 கிலோ. ஒரு ஹைட்ரஜன் கார் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடினால் நாளைக்கு அரைக் கிலோதான் ஆகும். அந்த 320 கிலோவை விற்க 600 கார்கள் வேண்டும். 600 பேரையும் வாங்க வைத்து, அவர்கள் எல்லோரும் அதே பங்க்குக்கு வர வேண்டும். பேருந்தோ ராத்திரி டிப்போவுக்குத் திரும்பியே தீரும். எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு என்பது முந்தின நாளே தெரியும். அதற்கு ஏற்ற கம்ப்ரஸரை வாங்கலாம், வாயு தருபவரோடு பத்தாண்டு ஒப்பந்தம் போடலாம். பெரும்பாலான பேருந்துகளின் டேங்க் 350 பார் என்பதால் எந்திரமும் எளிது. கலிபோர்னியாவிலேயே ஓக்லண்டைச் சுற்றி ஓடும் ஏ.சி. டிரான்சிட் பேருந்து நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் பணிமனையிலேயே ஹைட்ரஜன் நிரப்பி ஓட்டுகிறது. ஓக்லண்ட் துறைமுகத்தில் 30 ஹைட்ரஜன் லாரிகளும் அவற்றுக்கான பெரிய பங்க்கும் ஒரே திட்டமாக, ஒரே மானியக் கூட்டில் 2024-ல் தொடங்கின. கோழியும் முட்டையும் ஒரே கூடையில் வந்தன.

கார் விஷயத்தில் என் கருத்தை மறைக்கப் போவதில்லை. மின்சாரத்திலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் ஆகிறது. அந்த ஒரு கிலோவில் கார் 100 கிலோமீட்டர் போகும். அதே 55 யூனிட்டைப் பேட்டரி காரில் ஏற்றினால் 350 கிலோமீட்டர் போகலாம். வீட்டு வாசலில் ஒயர் போட்டு ஏற்றக்கூடிய காருக்குப் போட்டியாக, மைனஸ் 40 டிகிரி நாசில் வைத்த பங்க்குகளைப் பொதுப் பணத்தில் கட்டுவதை என்னால் இனி ஆதரிக்க முடியாது. நகரப் பேருந்துக்கும் பல இடங்களில் பேட்டரியே போதும். நாள் முழுக்க நிற்காமல் ஓடும் கனரக லாரி, நீண்ட தூரப் பேருந்து, கடுங்குளிர் மலைப்பாதை என்று பேட்டரியின் எடையும் சார்ஜ் நேரமும் இடிக்கும் இடங்களுக்குத்தான் ஹைட்ரஜனைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லும்போதே ஒரு கவலையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய விதி, 2030-க்குள் முக்கியச் சாலைகளில் 200 கிலோமீட்டருக்கு ஒரு ஹைட்ரஜன் பங்க், நாளொன்றுக்கு ஒரு டன் திறனோடு வேண்டும் என்கிறது. திறனைச் சொன்னது முன்னேற்றம். அந்த ஒரு டன்னைக் குடிக்க வண்டிகள் எங்கே என்ற கேள்வி அங்கேயும் மிச்சம் இருக்கிறது.

இனி இந்தியா. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் பெரும்பகுதி உற்பத்திக்கும், மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர் எந்திரங்களுக்கும். போக்குவரத்துச் சோதனைகளுக்கென 496 கோடி. 2025 மார்ச்சில் அதிலிருந்து ஐந்து திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள்: 37 பேருந்துகளும் லாரிகளும், 9 பங்க்குகள், அரசின் பங்கு சுமார் 208 கோடி. வண்டிகளில் 15 எரிகலத்தில் ஓடுபவை, 22 ஹைட்ரஜனை நேரடியாக எஞ்சினில் எரிப்பவை. டாடா மோட்டார்ஸ், ரிலையன்ஸ், என்.டி.பி.சி., நம் சென்னை அசோக் லேலண்ட், எண்ணெய் நிறுவனங்கள், கேரள அரசின் எரிசக்தி முகமையான அனெர்ட் எல்லோரும் இருக்கிறார்கள். திருவனந்தபுரம்–கொச்சி, ஜாம்ஷெட்பூர்–கலிங்கநகர், புவனேஸ்வர்–கொனாரக்–பூரி போன்ற பத்துத் தடங்கள்.

இதில் எனக்கு நிம்மதி தரும் விஷயம், வண்டியையும் பங்க்கையும் தடத்தையும் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள். கார்களுக்கு இடமே இல்லை. கலிபோர்னியா இருபது ஆண்டு கழித்து வந்து சேர்ந்த இடத்தில் நாம் தொடங்குகிறோம். லே நகரில் என்.டி.பி.சி. சூரிய மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுத்து, அசோக் லேலண்டின் ஐந்து பேருந்துகளுக்கு நிரப்பும் பங்க்கை அமைத்திருக்கிறது. கடல் மட்டத்துக்கு 3,650 மீட்டர் மேலே, மெல்லிய காற்றிலும் குளிரிலும் ஓட்டிப் பார்ப்பது, இந்த எரிபொருளுக்கு ஏற்ற சோதனைக்களம்.

கவலை தருவது இன்னொரு எண். 9 பங்க்குக்கு 37 வண்டி. பங்க்குக்கு நான்கு. சோதனை என்றால் சரி. கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க நான்கு வண்டி போதும். ஆனால் நான்கு வண்டிக்காக ஒரு கம்ப்ரஸரையும் இரண்டு ஷிஃப்ட் ஆட்களையும் வைத்து நடத்தும் செலவு, சோதனைக் காலம் முடிந்த மறுநாள் யார் தலையில் விழும்? 2014-ல் கலிபோர்னியா மூன்றாண்டு நடத்தும் செலவைக் கொடுத்துவிட்டு, அதற்குள் வண்டிகள் பெருகிவிடும் என்று நம்பியது. பெருகவில்லை.

அடுத்த சுற்று மானியத்துக்கு விதிமுறைகள் எழுதும் அதிகாரி யாராவது இதைப் படித்தால், நான் கேட்டுக்கொள்வது இவைதான். கட்டுமானச் செலவில் ஒரு பகுதியை மட்டும் முன்னால் கொடுங்கள். மீதியை, விற்ற ஒவ்வொரு கிலோவுக்கும், பங்க் இயங்கிய ஒவ்வொரு நாளுக்கும் என்று ஐந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். அந்தத் தொகையைச் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு விடாமல் ரூபாயில் எழுதுங்கள். வாயு எங்கிருந்து வரும், அந்த இடம் நின்றுபோனால் இரண்டாவது இடம் எது என்று கேளுங்கள். பங்க்கில் இரண்டு நாசிலும், மாற்றுக் கம்ப்ரஸர் பாகங்கள் இந்தியாவிலேயே கையிருப்பிலும் இல்லாமல் அனுமதி தராதீர்கள். கம்ப்ரஸருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வுத் தகடு கிழிந்து, அது ஐரோப்பாவிலிருந்து வர ஆறு வாரம் காத்திருந்த பங்க்கை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு வாரமும் வாசலில் கூம்பு வைத்து மறித்திருந்தார்கள். இயங்கிய நேரத்தையும் விலையையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடச் சொல்லுங்கள். கடைசியாக, கார்களை இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்லி யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நம்ம ஊருக்கு வருமா என்பவர்களுக்கு: தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சிறிய பசுமை ஹைட்ரஜன் சோதனை நிலையத்தைத் திறந்தார்கள். செலவு 3.87 கோடி ரூபாய். மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் எடுக்கும். அதைத் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் செய்வதற்கும் பயன்படுத்துகிறார்கள். எடையில் பார்த்தால் மணிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் இருபது கிலோ சொச்சம். ஒரு பேருந்தைத் தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு ஒரு நடை அனுப்பித் திருப்பிக் கொண்டுவந்தால், அந்த நாளின் ஹைட்ரஜன் மொத்தமும் தீர்ந்துவிடும். துறைமுகத்துக்குள்ளேயே கண்டெய்னர் இழுக்கும் டிரெய்லர்கள் இருக்கின்றன. அவை ராத்திரி பகலாக அதே வட்டத்தில் சுற்றுகின்றன. அவற்றில் இருபதை ஓட்ட எத்தனை கிலோ வேண்டும், அந்தக் கிலோவை யார், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டு தருவார்கள் என்பதை முதலில் எழுதி வாங்கட்டும். பங்க்குக்கான டெண்டரை அதற்குப் பிறகு விடலாம்.